சந்தனம் பூசிய ராடு

என் வலது காறை எலும்பின் மேல் உரித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. ரவிக்கை தைக்கிற பெண் ஒவ்வொரு முறையும் டேப்பை அங்கே நிறுத்துவாள். "இன்னாக்கா இது, எங்கனா வுழுந்துட்டியா?" என்பாள். நான் எங்கேயும் விழவில்லை. ஜிம்மில் எடை தூக்கும் ராடுதான் என் மேல் விழுந்தது. விழுந்த ராடைப் பத்து எண்ணி முடிக்கும் வரை, சுற்றி நின்ற பதினோரு ஆண்பிள்ளைகளில் ஒருவரும் தொடவில்லை. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு அளவு தப்பிவிடும் என்பதால் "ஆமா, வுழுந்துட்டேன்" என்று முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே அந்தக் கவலை இல்லை. முழுசாகச் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பத்தொன்பது வயது. வீடு திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள காலனியில். படிப்பு விழுப்புரத்தில். அம்மா கூலிக்குக் களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போவாள். லீவு நாளில் நானும் போவேன். கல்லூரி விளையாட்டில் குண்டு எறிந்தபோது என் தோளைப் பார்த்துவிட்டு, வலுதூக்கும் போட்டிக்குப் பெண்களே வருவதில்லை, நீ போ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை எங்கள் ஊர் ஜிம்மில் கொண்டுபோய் நீட்டினேன்.

ஜிம் என்றால் கண்ணாடியும் ஏசியும் என்று நினைக்காதீர்கள். ஓர் அரிசி மில்லின் பழைய கிடங்கு. தகரக் கூரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், வெல்டிங் பட்டறையில் அடித்த பெஞ்ச் ஒன்று, ராடு இரண்டு. அதில் ஒன்று லேசாக வளைந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ய வேண்டியதுதான். லாரி செட்டில் வேலை பார்த்த ஒருவர் செயலாளராக இருந்தார். முப்பது வயது தாண்டியவர், நல்ல உடற்கட்டு, அதைவிட நல்ல மீசை. கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பெண்கள் பிரிவில் ஆளே இல்லாததால் போய் நின்றாலே ஜிம்முக்கு ஒரு மெடல் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "துப்பட்டாவ மட்டும் ஒழுங்கா குத்திக்கினு வா" என்று சேர்த்துக்கொண்டார். துப்பட்டாவைக் குத்திக்கொண்டு மல்லாந்து படுத்தால் அது கழுத்தை இறுக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? மறுநாள் நான் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசை அன்று ராடு, பிளேட்டு, பெஞ்ச் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ராடின் இரண்டு முனையிலும் சாமந்தி மாலை சுற்றி வைப்பார்கள். அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் ஒவ்வொருவரும் வரிசையாக வந்து பெஞ்சில் படுத்து, தன்னால் முடிந்த அதிகபட்ச எடையை ஒரே ஒரு முறை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ள வேண்டும். அதற்கு முன்னால் கையைக் காலை அசைத்து உடம்பைச் சூடாக்கக் கூடாது. சந்தனத்தைத் துடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ராடு நெஞ்சில் மாட்டிக்கொண்டால் பத்து எண்ணி முடிக்கும் வரை வேறு யார் கையும் அதில் படக்கூடாது. பட்டால் அந்த வருஷத்து பலம் முழுக்கத் தொட்டவனுக்குப் போய்விடுமாம். அன்றைக்கு யார் எவ்வளவு தள்ளினார்களோ அதைப் பார்த்துத்தான் மாவட்டப் போட்டிக்குப் பெயர் போகும்.

எனக்கு நாற்பது கிலோ ஏற்றினார்கள். அதை நான் பழக்கத்தில் மூன்று தரம் தள்ளியிருக்கிறேன், ஆனால் உடம்பு நன்றாகச் சூடான பிறகு. அன்று வழக்கப்படி கையைக்கூட அசைக்காமல் அப்படியே போய்ப் படுத்தேன். கட்டைவிரலை ராடைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடிப்பதுதான் அங்கே ஸ்டைல். நானும் அப்படியே பிடித்தேன். அது என் தப்பு, அதை மறைக்கவில்லை. காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த சந்தனம் உள்ளங்கை வியர்வையில் குழைந்தது. பாதி தூரம் மேலே போன ராடு வலது கையில் உருண்டு, அப்படியே நழுவி, காறை எலும்பில் வந்து இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

செயலாளர் என் தலைமாட்டில் கைகட்டி நின்றிருந்தார். "ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார். கத்த நினைத்தேன், மூச்சு வரவில்லை. "நாலு" என்றபோது ராடை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பிளேட்டுகள் சரிந்து விழுந்துவிட்டால் தப்பித்துவிடலாம். பிளேட்டு நழுவாமல் பிடிக்கிற லாக்கை இறுக்கித் திருகி, அதன் மேல் சாமந்தி மாலையை வேறு கட்டியிருந்தார்கள். ஒன்றும் சரியவில்லை. அவர் அவசரப்படவே இல்லை, தெருவில் போகிற மாட்டை எண்ணுகிற மாதிரி எண்ணினார். பத்து முடிந்ததும் இரண்டு பேர் ராடைத் தூக்கினார்கள். "பரவால்ல பாப்பா, இந்த வருஷ பலம் உங்கிட்டயே இருக்குது" என்றார்.

ஆஸ்பத்திரியில் கையைத் துணியில் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி வேண்டிக்கொண்டாள், என்னைத் திட்டவும் செய்தாள். தெருவில் எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை. சந்தனத்தை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. பத்து எண்ணியவரையும் சொல்லவில்லை. எனக்கு எலும்பு வலித்ததைவிட அதுதான் வலித்தது. விழுப்புரம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் எண்ணுவேன். ராடுக்கு அடியில் அவர் படுத்திருப்பார், தலைமாட்டில் நான் கைகட்டி நிற்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மயிலம் வருவதற்குள் பல பத்துகள் எண்ணிவிடுவேன். என்றைக்காவது ஒரு நாள் இதை வாய்விட்டு எண்ணப் போகிறேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஜிம் வாசலில் ஓர் அக்கா கேப்பைக் கூழ் விற்பாள். ஏழு மணிக்கு வந்து உட்காருவாள், மில்காரர்களும் ஜிம்காரர்களும் குடித்துவிட்டுப் போனதும் மீதிக் கூழோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவாள். கிளம்பும்போது பானை வைத்த கூடையைத் தலைக்கு ஏற்ற நான்தான் தினமும் ஒரு கை தூக்கி விடுவேன். கை தொட்டிலில் இருந்த நாட்களில் என்னால் முடியவில்லை. ஒரு நாள் பார்த்தேன், அக்கா ரோட்டில் சைக்கிளில் போன யாரோ ஓர் ஆளைப் பார்த்து "யண்ணா, ஒரு கை தூக்கி வுட்டுட்டுப் போ" என்றாள். அவர் இறங்கினார், தூக்கி விட்டார், போய்விட்டார். அவர் பலம் அக்காவுக்குப் போகவில்லை, அக்கா பலம் அவருக்குப் போகவில்லை. கூழ் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். களத்தில், குழாயடியில், கொல்லைமேட்டில், சுமை தூக்குகிற எங்கள் பெண்களில் ஒருத்தியாவது தனியாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. நெல்லுக் கட்டானாலும் தண்ணீர்க் குடமானாலும் பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடுவோம். கூப்பிட்டால் எதிரியும் வருவாள். முந்தின நாள் சண்டை போட்டு மண்ணை வாரித் தூற்றியவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு கை கொடுத்துவிட்டுப் போவாள். அதில் வெட்கமே கிடையாது. எலும்பு தேயத் தேயச் சுமக்கிறவர்களுக்குத் தெரிந்தது, ஆஞ்சநேயரைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற பதினோரு பேருக்குத் தெரியவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

எலும்பு கூடியதும் மறுபடி போனேன். வெறும் ராடில் இருந்து ஆரம்பித்தேன். "இன்னா, கொடி கம்பம் நடுறியா?" என்று சிரித்தார்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தேன். தலைமாட்டில் நிற்க ஆள் வராததால் லாக் போடாமலே செய்தேன். மாட்டிக்கொண்டால் சாய்த்துப் பிளேட்டைக் கொட்டிவிடலாம். மில்லில் கேட்டு உமி மூட்டை நாலு வாங்கிவந்து, பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினேன். ராடு இறங்கினால் மூட்டையில் உட்காரும், என் மேல் உட்காராது. "மகாராணிக்கு தலகாணி" என்று பேர் வைத்தார்கள். பேர் வைக்கட்டும். காய்ச்சல் அடித்த வாரம் ராடையே தொடவில்லை, அதற்கும் சிரித்தார்கள். நான் தினமும் எந்த வலியும் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். சிரித்தவர்களில் மூன்று பேர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த விஜயதசமி வந்தது. ஈரத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். என் முறை வந்ததும் ராடில் கை வைக்கிற இடத்தை மட்டும் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் செயலாளர்.

"கை வெக்கிற எடத்துல மட்டும் தொடைக்கிறேண்ணா."

"சாமி குங்குமம் அது. நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு இன்னா தெரியும்?"

"எங்க மாதாவுக்கும் தேர் இருக்குதுண்ணா. தேருக்கு பூ கட்டுவாங்க, சந்தனம் பூசுவாங்க. இழுக்குற கயித்துல பூச மாட்டாங்க. பூசுனா கை வழுக்கும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அது அவரை இன்னும் கொதிக்க வைத்தது. "தொடைச்சிக்கினு தூக்குனா செல்லாது. உன் பேரு போவாது" என்றார்.

பெயர் போகாது என்றால் மாவட்டப் போட்டி கிடையாது. மாவட்டம் இல்லாமல் மாநிலம் இல்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் இல்லை. அம்மா கூலிக்குப் போவதை நிறுத்துவேன் என்று நான் கட்டியிருந்த கோட்டையெல்லாம் அந்தப் பெயரில்தான் நின்றது. ஆனாலும் காறை எலும்பு மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு கை வைக்கிற இடத்தில் மிச்சத்தையும் துடைத்தேன். வெறும் ராடைப் பத்து தரம் தள்ளினேன், கொஞ்சம் ஏற்றி இன்னொரு ஐந்து. உடம்பு சூடானது. நாற்பத்திரண்டரை ஏற்றி லாக் போட்டேன். "யாராச்சும் தலமாட்டுல நில்லுங்க" என்றேன். பதினோரு பேரும் கைகட்டி நின்றார்கள்.

வாசலைப் பார்த்துக் கத்தினேன். "யக்கா! ஒரு கை தூக்கி வுடுக்கா!"

கூழ்க்கார அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அந்தக் கிடங்குக்குள் அவள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. "எங்கடி கூடை?" என்றாள்.

"கூடை இல்லக்கா, இதான். நான் 'கை'ன்னு சொன்னா மட்டும் புடிச்சி தூக்கணும். சொல்லாங்காட்டி தொடக்கூடாது."

"ஐய, இரும்பா? சரி படு. ஜல்தி, கூழுக்கு ஆளு நிக்கிது."

முதல் தரம் நானே தள்ளினேன். அக்கா தொடவில்லை. விதிக்கு அது போதும், ஆசையில் இன்னொரு தரம் இறக்கினேன். அதுவும் மேலே போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பாதியில் வலது தோள் லேசாக நடுங்கியது, "கை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ராடு ஸ்டாண்டில் இருந்தது. "தூ, இம்மாந்தானா? எங்கூழுப் பானை இத்த வுட கனம்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள்.

"செல்லாது" என்றார் செயலாளர்.

"செல்லாங்காட்டி போவுதுண்ணா. எலும்பு உடையல இல்ல?" என்றேன்.

சொன்னபடியே பெயரை அனுப்பவில்லை. அந்த வருஷம் எங்கள் ஜிம்மில் இருந்து பெண்கள் பிரிவுக்கு யாரும் போகவில்லை. அடுத்த வருஷம் கல்லூரி பெயரில் போய் இரண்டாவது வந்தேன். ஒதுக்கீட்டு வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நிறைய இருக்கிறது. துடைத்ததற்காக இல்லை. பிற்பாடு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தேன், அம்மா களைக்கொட்டைக் கீழே வைத்தாள்.

இரண்டாயிரத்து நாலில் மெயின் ரோட்டில் புது ஜிம் ஒன்று வந்தது. பழைய கிடங்கில் ஆள் குறைந்து நாலைந்து பேர்தான் மிஞ்சினார்கள். அவர்தான் அப்போதும் செயலாளர். நான் போய், லீவு நாள் காலையில் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "ஆயுத பூசை வழக்கத்துல மட்டும் கை வெக்கக் கூடாது" என்றார். "உங்க ராடுக்கு நீங்க பூசிக்கோங்க. அந்த வளைஞ்ச ராடு எங்களுக்கு. அது கிட்ட நீங்க வராதீங்க" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

டைலர் கடைக்காரி (எனக்கு ரவிக்கை தைக்கிறவள் இல்லை, வேறொருத்தி), கண்டக்டர் ஒருவரின் மனைவி, கூட்டேரிப்பட்டில் ரோட்டோரம் இளநீர் விற்கிறவள் என்று ஆறேழு பேர் வந்தார்கள். ராடைப் பிடிக்கும் முன்னால் கத்தப் பழகச் சொன்னேன். வெறும் ராடோடு படுத்துக்கொண்டு "கை" என்று வாசல் வரை கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். வெட்கப்பட்டார்கள். "பஸ்ல ஸ்டாப்பிங் தாண்டிட்டா எப்படிக் கத்துவீங்க, அப்படிக் கத்துங்க" என்றேன். அதற்குப் பிறகு தகரக் கூரை அதிர்ந்தது. கூப்பிட்ட உடனே மற்ற இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் நிற்க வேண்டும். தரையில் இருந்து எடுக்கும்போது முதுகு வளைந்தால் அங்கேயே கீழே வை, மூச்சை அடக்கிக்கொண்டு முறைக்காதே, நேற்றைவிட இன்று அரை கிலோ கூடினால் போதும் என்று திட்டிக்கொண்டே இருப்பேன். இத்தனை வருஷத்தில் எங்கள் பக்கம் ஒரு நகம்கூடப் பெயரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கர்வமாகத்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பதினொன்று விஜயதசமி. ஆண்கள் நாலு பேர், செயலாளரோடு ஐந்து. அவருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. சர்க்கரை, தோள் வலி, எல்லாம் இருந்தது. மீசைக்கு மட்டும் சாயம் அடித்திருந்தார். எண்பது கிலோ ஏற்றச் சொன்னார். நான் எங்கள் மூலையில் இருந்து, "அண்ணா, வெறும் ராடுல ரெண்டு தரம் தள்ளிட்டுப் பண்ணுங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படுத்தார். சந்தனம் அப்பிய ராடு இறங்கியது. நெஞ்சில் உட்கார்ந்தது. மேலே வரவில்லை.

அந்த நாலு பேரும் வழக்கப்படி கைகட்டினார்கள். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை வருஷமும் எண்ணியவர் அவர்தான். அவரே அடியில் கிடந்தால் யார் எண்ணுவது? அவருக்கு அடுத்தபடி அந்தக் கிடங்கில் பழைய ஆள் நான்தான். ஒருவன் என்னைப் பார்த்து, "யக்கா, நீங்க எண்ணுங்க" என்றான்.

தலைமாட்டுக்குப் போனேன். அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது. எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது என்று அந்தக் கண்ணில் தெரிந்தது. பதினெட்டு வருஷம் ரயிலில் எண்ணிய பத்து என் நாக்கு நுனியில் நின்றது. பொய் சொல்லமாட்டேன், எண்ண ஆசையாக இருந்தது.

"ஒண்ணு" என்றேன்.

என் இரண்டு கையும் அதற்குள் ராடுக்கு அடியில் இருந்தன. நான் கூப்பிடவே இல்லை, இளநீர்க்காரியும் டைலர் கடைக்காரியும் ஆளுக்கொரு முனையில் வந்து நின்றிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்தோம். அந்த நாலு பேர் இன்னும் கைகட்டித்தான் நின்றார்கள்.

அவர் எழுந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. உள்ளங்கை இரண்டிலும் சந்தனம் குழைந்து வழிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "பத்து எண்ணலையே நீ" என்றார்.

ஈரத் துணியை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"எனக்கு ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாதுண்ணா. கைய தொடைங்க."